எழுபத்திரண்டுக்கு வலப்புறம்

பதினாறு வரை நிரப்பிவிட்டேன், பதினெட்டிலிருந்து முப்பத்தொன்று வரையும் நிரப்பிவிட்டேன், நடுவில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக நிற்கிறது. அதற்குள் ஒரு சிறு கோடு தோன்றுகிறது, மறைகிறது, தோன்றுகிறது, கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கிற ஆளைப்போல. மணி இரண்டே முக்கால். மூன்றரைக்குள் பட்டியல் வேண்டும் என்று சுபிக்ஷா சொல்லியிருக்கிறாள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள், கோயம்புத்தூர்ப் பெண், காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி வேலை செய்கிறாள். என்ன வேலை? நாங்கள் முப்பது வருடம் புரோகிராம் எழுதித் திருத்திய அந்தப் பச்சைத் திரை எடிட்டரைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கிற வேலை. பெரிய எந்திரம் அதேதான், புரோகிராம்கள் அவையேதான், எழுதுகிற பலகை மட்டும் மாறுகிறது. பழைய பலகையில் எந்தக் கட்டளை எதற்கு என்று சொல்வதற்கு உயிரோடு மிஞ்சியிருக்கிற ஒருவன் நான் என்பதால் எழுபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு கழுத்துப்பட்டை, அதில் ‘ஆலோசகர்’ என்று ஓர் அட்டை. இதே கட்டடத்தின் வாசலில் ‘மூளையைத் திருடும் எந்திரமே வெளியேறு’ என்று தொண்டை கிழியக் கத்தியவன் இந்த மாசிலாமணி. இப்போது லிஃப்டில் மேலே வந்து, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, அந்த எந்திரத்துக்குச் சட்டை தைக்க அளவு சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, அதுகூடப் பரவாயில்லை. அதற்கு ஒரு பதில் என்னிடம் உண்டு, மேடையில் சொல்லக்கூடிய பதில். இந்தக் கட்டத்துக்குத்தான் பதில் இல்லை. புதிய எடிட்டரில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் சின்ன எழுத்தில், அந்த வரி என்றைக்கு முளைத்தது, அன்றைக்கு அதைச் சேமித்தவர் யார் என்று காட்டும். பழைய எந்திரம் பெயரைக் குறித்து வைக்கவில்லை, எண்ணைத்தான் குறித்தது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை, ஆளுக்கொரு எண். எந்த எண் யாருடையது என்ற பதிவேடு கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்தபோது கூழாகிவிட்டது. “அத்தனை பேரும் யாருன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதானுங்க சார். தெரியாததுக்குத் ‘தெரியவில்லை’ன்னு போட்டுடுங்க, ஒண்ணும் பிரச்சினையில்ல” என்றாள். தெரியவில்லையா? எனக்கா? முப்பது பேரையும் இனிஷியலோடு, பிரிவோடு, சந்தாவை ஒழுங்காகக் கட்டியவனா இல்லையா என்பது வரை சொல்லுவேன். அந்தத் திமிரில் மளமளவென்று முப்பதையும் எழுதி முடித்தேன். அதுதான் பிசகு. ஐந்தாறு இடத்தில் தெரியவில்லை என்று போட்டிருந்தால் பதினேழும் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கும். இப்போது அது தனியாக, ஊர்வலத்தில் எல்லோரும் கலைந்த பிறகு கொடியோடு நிற்பவனைப்போல நிற்கிறது.

பத்தாவதோடு படிப்பு நின்றவன் நான். மீதியெல்லாம் துண்டறிக்கைகளில் படித்தேன். வியாசர்பாடி வாசகசாலையில் சாணித்தாளில் அடித்த சிறு வெளியீடுகள், நாற்பது பக்கம், முப்பத்திரண்டு பக்கம், ஓரத்தில் மை ஒழுகியவை. உபரி என்றால் என்ன, உரிமை என்றால் என்ன, ஒரு வாக்கியத்தை எங்கே முடித்தால் கூட்டம் கை தட்டும், எல்லாம் அங்கே கற்றதுதான். எதிரியின் ஆயுதத்தை முதலில் நீ பழகு என்று ஒன்றில் இருந்தது. அதனால்தான் எந்திரம் படிக்கிற அட்டையில் துளை போடுகிறவனாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, புரோகிராம் எழுதுகிறவனானேன். பட்டம் வாங்கி வந்த பையன்கள் என் வரிகளைப் பார்த்துக் கற்றார்கள், பொய்யில்லை. அந்த எடிட்டர் எனக்குக் கை ரேகை மாதிரி. வரிக்கு எண்பது எழுத்து. திரையில் தெரிவது எழுபத்திரண்டு. எந்திரம் படிப்பதும் அந்த எழுபத்திரண்டைத்தான், மிச்சம் எட்டு எழுத்து வலப்புறம் திரைக்கு வெளியே கிடக்கும், விசைப்பலகையின் பதினோராவது விசையை அழுத்தினால்தான் கண்ணில் படும். சும்மா கிடக்கிற எட்டு இடம். அதில் யார் வரியை எழுதினாலும் திருத்தினாலும் தன் பெயரின் மூன்று எழுத்தையும் தேதியையும் போடவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். பிரிவுக் கூட்டத்தில் எழுந்து பேசினேன்: உழைத்தவன் பெயர் உழைப்பின் மேல் இருக்கட்டும், இந்த எட்டு இடமாவது தொழிலாளிக்குச் சொந்தமாக இருக்கட்டும். அதிகாரி வெங்கடவரதன்கூட மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பேச்சு நன்னாத்தான் இருக்கு மாசிலாமணி, பட்டாச்சாரியார் மாதிரி எல்லாருக்கும் நாமம் போடச் சொல்றீர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை, அன்றைக்கே தன் பழைய வரிகளில் எல்லாம் போய்ப் போய் ஆர்.எஸ்.எம். என்று போட்டுவிட்டு வந்து நின்றாள். “தோழர், நீங்க சொன்ன மாதிரி நானூறு வரியிலயும் போட்டுட்டேன்.” ரோஸ்லின் சகாயமேரி. முப்பத்தொரு பேரில் என் பேச்சை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒருத்தி. இந்தப் பட்டியலில் அவள் இருபத்திரண்டு. அவள் பெயரை அடிக்கும்போது விரல் நின்றதா? நிற்கவில்லை. நின்றிருக்கவேண்டும்.

எண்பத்தொன்பது மார்ச், ஒரு பிற்பகல், சாப்பாட்டு இடைவேளை முடிந்து எல்லோரும் இன்னும் மேலே வராத நேரம். எங்கள் நிறுவனத்தின் வெளியூர்த் தானியக் கிடங்குகளுக்கு ஆள் மாற்றுகிறோம் என்று நிர்வாகம் ஒரு திட்டம் போட்டது. பணிமூப்பு குறைந்த நாற்பது பேரை ராமநாதபுரம், தருமபுரி என்று தூக்கியடிக்கிற திட்டம். எந்தத் தேதியை வெட்டுக்கோடாக வைத்தால் சங்கத்துக்காரர்கள் உள்ளே விழுவார்கள் என்று பார்த்துப் பார்த்து வைத்த தேதி. மாதிரிப் பட்டியல் அச்சாகி வந்தது, பார்த்தேன், எங்கள் ஆட்கள் பத்துப் பேர். பத்துப் பேர் என்றுதான் எழுதினேன், பத்துப் பேர் என்றுதான் பேசினேன், முப்பத்தைந்து வருடமாக எல்லா மேடையிலும் பத்துத் தோழர்கள், பத்துக் குடும்பங்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கிற புரோகிராம் ரோஸ்லினுடையது. அதில் அவள் ஒரு வரி வைத்திருந்தாள், பிரசவ விடுப்பில் இருக்கிற பெண்களை எடுக்காதே, தாண்டிப் போ என்று. நல்ல வரி. யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை, அவளாக வைத்தது. நான் என்ன செய்தேன்? அந்த வரியின் முன்னால் ஓர் எழுத்துப் போட்டேன், அந்த எடிட்டரில் வரியை இரட்டிக்க அது போதும், அச்சு அசலாக அதே வரி கீழே இன்னொன்று வந்து உட்காரும். இரண்டாவது வரியில் விடுப்புக்கான குறியை அழித்துச் சங்கப் பொறுப்பாளர்களுக்கான குறியைப் போட்டேன். ஒரே ஒரு குறி. மூன்றாவது விசை, சேமித்தாகிவிட்டது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பெருமைகூடப் பட்டேன், தலைமறைவு வேலை செய்தவனைப்போல. வலப்புறம் திரைக்கு வெளியே கிடந்த எட்டு எழுத்தும் வரியோடு சேர்ந்து இரட்டிக்கும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கா தெரியாது? வகுப்பெடுத்திருக்கிறேன். பதினோராவது விசையை அழுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் திருட்டு வரி அவள் பெயரைச் சுமந்துகொண்டு கிளம்பியது. அடுத்த வாரம் பட்டியல் வந்தபோது எங்கள் ஆட்கள் இல்லை, எங்களுக்குப் பதிலாக அடுத்த படியில் இருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் தொழிலாளிகள்தான், வேறு சங்கம், அல்லது எந்தச் சங்கமும் இல்லாதவர்கள். மூன்று பேர் பெட்டி படுக்கையோடு போயே விட்டார்கள். ஒருவர் டெஸ்பாட்ச் பிரிவு, மகளுக்குப் பரீட்சை நேரம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் வந்து சொன்னார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பட்டியல் வந்த ஒன்பதாம் நாள் பிடித்துவிட்டார்கள். புரோகிராமை முழு அகலத்தில் அச்சடித்தார்கள், அந்த வரி, அதன் ஓரத்தில் ஆர்.எஸ்.எம். அவளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, “வரி என்னுது மாதிரிதான் இருக்கு, ஆனா நான் எழுதல” என்றாள். இப்படிப் பேசினால் யார் நம்புவார்கள்? உண்மையைச் சொல்கிறவர்களுக்குப் பேசத் தெரிவதில்லை. உள்விசாரணையில் அவளுக்காக வாதாடச் சங்கம் ஒருவரை அனுப்பலாம். யார் போனது? நான். அவளே கேட்டாள், “தோழர், நீங்க வந்தா எனக்குப் பயமில்ல.” அன்று இரவு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், இல்லை, நினைத்தேன் என்று பிற்பாடு சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. பேச்சுவார்த்தை முடிகிற நேரம், பொதுச்செயலாளர் நானே பிடிபட்டால் சங்கத்தின் அங்கீகாரமே போய்விடும், எண்ணூறு பேரின் நம்பிக்கை, இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டேன், ஒவ்வொன்றும் துண்டறிக்கைக்கு ஏற்ற வாக்கியம். விசாரணையின் மூன்றாம் நாள் வெங்கடவரதன் எழுந்தார். எங்களுக்கு எதிரான தரப்பின் சாட்சி அவர். “ஓரத்துல இருக்கற பேர யார் வேணும்னாலும் அடிக்கலாம். அந்தம்மா இதப் பண்ணியிருப்பான்னு எனக்குத் தோணல. தினமும் எடுத்த டேப் இருக்கு. சேமிச்சது எந்த நம்பர்னு அதுல இருக்கும். பார்த்துடலாமே” என்றார். எத்தனை நிதானமாகச் சொன்னார். நான் எழுந்தேன். ஐயோ, எப்படிப் பேசினேன் அன்றைக்கு. மனிதனுக்கு எதிராக எந்திரம் சாட்சி சொல்ல முடியாது என்றேன். நாடா யார் கையில் இருக்கிறது, நிர்வாகத்தின் கையில், எசமானின் பெட்டிக்குள் இருக்கிற சாட்சியை எந்தத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்வது என்றேன். ஒரு மணி நேரம் பேசினேன். விசாரணை அதிகாரி நாடாவைத் தள்ளிவைத்தார். வெளியே தோழர்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள், ரோஸ்லின் கைதட்டினாள், கண்ணில் நீரோடு கைதட்டினாள். நாடா இல்லாத பிறகு மிஞ்சியது அச்சடித்த தாளும் அதன் ஓரத்தில் இருந்த அவள் பெயரும்தான். வேலை போயிற்று. உடனே துண்டறிக்கை எழுதினேன், ‘எந்திரம் சாட்சி, எசமான் நீதிபதி’, பதினாறு பக்கம், என் எழுத்திலேயே சிறந்தது அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். சதிகாரன் வெங்கடவரதன்தான் அவள் பெயரைப் போட்டான் என்று பெயர் சொல்லி எழுதினேன். பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம். இடமாற்றங்கள் எல்லாம் ரத்து, போனவர்களும் திரும்பினார்கள், வெற்றி, மாலை. ரோஸ்லின் வழக்கு தனியாகப் பார்க்கப்படும் என்ற வாசகத்தின் கீழே கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒன்பது வருடம் நடந்து தோற்றது. ஒரு வாய்தாகூட நான் தவறவில்லை, அவள் கோப்பை நானே சுமந்துகொண்டு போவேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்த இடத்தில் விசாரணை முடியட்டும் என்றார்கள். விசாரணை முடிந்தது, அந்த இடமும் முடிந்தது. அயனாவரத்தில் தட்டச்சுப் பள்ளி வைத்தாள், சுவரில் என் துண்டறிக்கையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். வெங்கடவரதன் ஓய்வு பெற்ற அன்று படிக்கட்டில் என்னைப் பார்த்து நின்றார். “அந்த டேப்பப் பார்த்திருக்கலாம் மாசிலாமணி.” அவ்வளவுதான் சொன்னார், இறங்கிப் போய்விட்டார். தெரிந்துதான் சொன்னாரா? செத்துப்போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு மே தினத்துக்கும் ரோஸ்லின் போன் செய்வாள், வாழ்த்துச் சொல்வாள், கடைசியில் கேட்பாள், “அவருதான செஞ்சது தோழர்? சாகற வரைக்கும் ஒத்துக்கலையே, மனுஷன்.” நான், ஆமாம் என்பேன்.

மூன்று மணி. டீ வண்டி வந்து போயிற்று, என் கோப்பை ஆடை படிந்து கிடக்கிறது. பதினாறு ஏகாம்பரம். என் பக்கத்து இருக்கைக்காரன், நல்ல தோழன், கொரோனாவில் போனான். பதினேழுக்கு நேராக ஏகாம்பரம் என்று அடித்துவிட்டுப் பதினாறுக்கு என் பெயரைப் போட்டால் என்ன? ஒரு எண் தள்ளி, வயதானவன் ஞாபகம், யார் கேட்கப்போகிறார்கள்? கையை விசையில் வைத்துப் பார்த்தேன், ‘ஏ’ என்று ஓர் எழுத்து அடித்தேன், அடித்ததும் அவன் சிரிப்பு கேட்டது, பான்பராக் வாயோடு, ‘என்னா தலைவரே, செத்தவன் தலையிலயா?’ அழித்தேன். அவன் மகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டவள். செத்தவன்மேல் போடுவது எனக்குப் புதிதா என்ன, வெங்கடவரதன்மேல் உயிரோடு இருக்கும்போதே போட்டவன்தானே. அந்த நாடாக்கள் செல்லரித்துப் போயிருக்கும் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தேன். திருச்சிக் கிடங்கில் அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தனவாம், ஒவ்வொரு நாளாக ஏற்றியிருக்கிறார்கள். “சார், டீ ஆறிப்போச்சுங்க.” சுபிக்ஷா நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். “அட, ஒண்ணுதான் பாக்கியா? செம சார் நீங்க. எங்க டீம்ல போன வருஷம் இருந்தவங்க பேரே எனக்கு ஞாபகம் இல்ல.” ஆறிய டீயை ஒரு வாய் குடித்தேன். “இந்தப் பதினேழுதானுங்க சார் எல்லா இடத்துலயும் இருக்காரு. நல்லா எழுதியிருக்காரு, அவர் கோடிங் படிக்கறதுக்கே அழகா இருக்கும். ஒரே ஒரு எடத்துலதான் கொழப்பம்.” எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, அவளே காட்டினாள், விரலால் மவுஸை இரண்டு தட்டுத் தட்டி, அந்தப் புரோகிராமைத் திறந்தாள். கறுப்புத் திரையில் வண்ண வண்ணமாக, வரி முழுதும் ஒரே பார்வையில் தெரிந்தது, எண்பது எழுத்தும். எந்த விசையையும் அழுத்தத் தேவையில்லை. வலது ஓரத்தில் ஆர்.எஸ்.எம்., இடது ஓரத்தில் சின்ன எழுத்தில் பதினேழு, மார்ச் பதினான்கு, பிற்பகல் ஒன்று ஐம்பத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் கழித்து இரண்டும் ஒரே வரியில், ஒரே வெளிச்சத்தில் நின்றன. “பாருங்க, சேமிச்சது பதினேழு, ஓரத்துல பேரு வேற. எது சார் சரி? ஓரத்துல இருக்கறது எல்லாத்தையும் வெட்டிட்டு ஏத்திடலாம்னுதான் மேனேஜர் சொல்றாரு, மெஷின் படிக்கறதில்லயே.” வெட்டிவிடலாம். வெட்டிவிட்டால் அவள் பெயர் எங்கேயும் இருக்காது, குற்றமும் இருக்காது, குற்றம் சுமந்தவளும் இருக்கமாட்டாள், நானூறு வரியில் என் பேச்சைக் கேட்டு அவள் போட்ட எல்லாம் போய்விடும். எத்தனை சுலபமாகத் தப்பிக்க வழி வந்து நிற்கிறது எனக்கு, எப்போதும்போல, யாரோ கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள்.

“வெட்டவேண்டாம்மா” என்றேன். குரல் மேடைக் குரலாக வந்தது, தணித்துக்கொண்டேன். “அந்த எட்டு எழுத்தும் இருக்கட்டும். அது அவங்க எழுதின நல்ல வரிக்காகப் போட்ட பேரு. மேல இருக்கே, பிரசவ விடுப்பு, அது.” அவள் பார்த்தாள். “அப்ப கீழ்வரி?” “கீழ்வரி அத இரட்டிச்சது. பேரும் கூடவே வந்துடுச்சு.” “ஓ, பாக்காம காப்பி பண்ணிட்டாரா? நாங்களும் பண்ணுவோம் சார் அப்படி” என்று சிரித்தாள். சிரித்தது நல்லதாகப் போயிற்று, எனக்கு அந்த நேரத்தில் மன்னிப்பு வந்திருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பேன். “அப்ப எது சார் சரி, ஓரத்துல இருக்கறதா, மெஷின் சொல்றதா?” கூட்டம் கை தட்டுகிற இடத்தில் வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவன், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசத் தெரிந்தவன். “மெஷின் சொல்றதுதான் சரி” என்றேன். பிறகு அந்த வெள்ளைக் கட்டத்தில் அடித்தேன், ஒவ்வோர் எழுத்தாக, மா, சி, லா, ம, ணி. மூன்று இருபத்தாறு. அவள் என் கழுத்து அட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், காதில் இருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, ஏதோ நடந்தது என்பது மட்டும் தெரிந்துவிட்டது. “ஏத்திடட்டுங்களா சார்?” என்றாள் மெதுவாக. ஏற்று என்று தலையாட்டினேன். எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தேன். ஜன்னலுக்குக் கீழே வாசல் தெரிகிறது, நான் கத்திய வாசல், யாரும் இல்லை, ஒரு லாரி பின்னோக்கி வருகிறது. கடிதமாக எழுதலாம், நன்றாக எழுதுவேன், அதனால்தான் எழுதக்கூடாது. அவள் எண்ணை அழுத்தினேன், இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள், பின்னால் யாரோ பிள்ளைகள் விசைகளைத் தட்டுகிற சத்தம். “என்ன தோழர், இந்த நேரத்துல? இன்னும் மே தினம் வரலையே! சாப்ட்டீங்களா?” சாப்பிட்டேன் என்றேன். “ஒரு நிமிஷம் இருங்க” என்று பிள்ளைகளிடம், “சத்தம் போடாதீங்கடா, தோழர் பேசறாரு” என்று சொல்வது கேட்டது. தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எனக்காக அந்த அறை முழுவதும் அமைதியாகிவிட்டது. “சொல்லுங்க தோழர்.” லாரி நின்றுவிட்டது. எங்கிருந்து தொடங்குவது? நாடாவிலிருந்தா, வெங்கடவரதனிலிருந்தா, அந்த வரியிலிருந்தா? வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

“ரோஸ்லின், அந்த இடமாற்றப் பட்டியல்ல நம்ம ஆளுங்க பத்துப் பேர் இல்லம்மா. பதினோரு பேர். பதினோராவது பேரு என்னுது.”